ஏகத்துவத்தைத் தேடிய ராம்மோகன் ராய்

ராஜாராம் மோகன்ராய் என்ற பெயரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிக்காதவர் நம்மில் குறைவு. கணவனின் சிதையில் மனைவியையும் ஏற்றி எரிக்கும் உடன்கட்டை வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர், பிரம்ம சமாஜத்தை நிறுவியவர் என்று இரண்டு வரிகளில் அவருடைய சரித்திரம் முடிந்துவிடும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தப் பெரியவருடைய வாழ்வில் நம் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் அறிய வேண்டிய இன்னொரு பாகம் இருக்கிறது.

அவர் அரபும் பார்ஸியும் கற்ற பிராமணர். அவருடைய முதல் நூலின் பெயர் துஹ்ஃபத்துல் முவஹ்ஹிதீன். ஏக இறைவனை நம்புவோருக்கு ஓர் அன்பளிப்பு என்பது அதன் பொருள். பிற்காலத்தில் கிறிஸ்தவப் பாதிரிமாரோடு திரித்துவத்தைப் பற்றி மூன்று ஆண்டுகள் எழுத்தில் வாதிட்டார். அதற்காக அவரும், அவரோடு சேர்ந்து ஏகத்துவத்தை ஒப்புக்கொண்ட ஒரு பாதிரியாரும் கொடுத்த விலை என்ன என்பதையே இங்கே எழுத விரும்புகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ராம்மோகன் ராய் முஸ்லிம் அல்லர். கிறிஸ்தவராகவும் மாறவில்லை. மரணம் வரை பூணூலைக் கழற்றாதவர். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவதற்காக இதை எழுதவில்லை. இறைவன் ஒருவன் என்ற உண்மையை ஒரு மனிதர் தம் அறிவைக் கொண்டு தேடிச் சென்றபோது என்ன நேர்ந்தது என்பதை அறிந்தால் நமக்குப் படிப்பினை உண்டு.

பிறப்பும் கல்வியும்

வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவைச் சேர்ந்த ராதாநகர் கிராமத்தில் 1772 மே 22 அன்று அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1774 என்று சொல்வோரும் உண்டு. தந்தை ராமகாந்த ராய். தாய் தாரிணி தேவி. ஆசாரம் மிகுந்த குலீன பிராமணக் குடும்பம். முன்னோர்கள் வங்காள நவாபுகளின் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர்கள். ராய் என்பது அந்த உத்தியோகத்தால் வந்த பட்டம். பெற்றோர் வைத்த பெயர் ராம்மோகன். ராஜா என்ற பட்டம் அவருடைய கடைசிக் காலத்தில் டில்லி பாதுஷா இரண்டாம் அக்பர் கொடுத்தது. நம் நாட்டில் இரண்டையும் சேர்த்து ராஜாராம் என்பதே பெயர்போல் வழங்கிவிட்டது.

அக்காலத்தில் கோர்ட்டு, கச்சேரி எல்லாம் பார்ஸி மொழியில் நடந்தன. உத்தியோகத்துக்குப் போக வேண்டிய பிள்ளை பார்ஸி படித்தாக வேண்டும். அதற்காகச் சிறுவன் ராம்மோகனைப் பாட்னாவுக்கு அனுப்பி வைத்ததாகச் சரித்திரம் சொல்கிறது. அங்கே அரபும் பார்ஸியும் கற்றார். குர்ஆனைப் படித்தார். சூஃபிக் கவிஞர்களின் பாடல்களில் தோய்ந்தார். அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தையும் யூக்ளிடின் கணிதத்தையும் அரபு மொழியிலேயே பயின்றார். பிறகு காசிக்குச் சென்று சமஸ்கிருதமும் வேதாந்தமும் கற்றதாகச் சொல்வர். பிற்காலத்தில் கல்கத்தாவில் நம்மவர்கள் அவருடைய அரபுப் புலமையையும் வாதத் திறமையையும் கண்டு, ஜபர்தஸ்த் மௌலவி என்று அவரை அழைத்தார்கள்.

கல்வி அவருக்குள் ஒரு கேள்வியை எழுப்பியது. படைத்தவன் ஒருவன் என்றால் இத்தனை விக்கிரகங்கள் ஏன்? வாலிப வயதிலேயே இதைப் பற்றித் தந்தையோடு கருத்து வேறுபாடு வந்தது. வீட்டை விட்டு வெளியேறிப் பல ஊர்களில் அலைந்தார். தந்தை 1803ல் காலமானார்.

துஹ்ஃபத்துல் முவஹ்ஹிதீன்

1803-04ல் முர்ஷிதாபாத்தில் அந்த முதல் நூல் வெளிவந்தது. முன்னுரை அரபியில், நூல் பார்ஸியில். அதன் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். உலகில் எந்தத் திசைக்குச் சென்றாலும், எல்லாவற்றையும் படைத்து ஆளும் ஒருவன் இருக்கிறான் என்பதில் மக்கள் பொதுவாக ஒன்றுபடுகிறார்கள். அவனுக்குச் சூட்டும் தன்மைகளிலும் வணங்கும் முறைகளிலும்தான் வேறுபடுகிறார்கள். அந்த வேற்றுமைகளில் பெரும்பகுதி முன்னோரைக் கண்மூடிப் பின்பற்றுவதாலும் பழக்கத்தாலும் வந்தவை.

இந்த நூலில் நாம் ஏற்க முடியாதவையும் இருக்கின்றன. அற்புதங்களை அவர் மறுத்தார். எந்த மார்க்கத்தாரையும், நம்மையும் சேர்த்து, விமர்சிக்காமல் விடவில்லை. நபித்துவத்தைப் பற்றிய நம் ஈமான் அவருக்கு இல்லை. இப்படியிருந்தும் இந்த நூலைப் பார்ஸியிலிருந்து ஆங்கிலத்தில் ஆக்கியவர் யார் தெரியுமா? டாக்கா மதரஸாவின் மேற்பார்வையாளராக இருந்த மௌலவி உபைதுல்லாஹ் அவர்கள்! அந்த மொழிபெயர்ப்பு 1884ல் வெளிவந்தது. கருத்து வேற்றுமை இருந்தும் ஒரு நூலை நேர்மையாக மொழிபெயர்த்துக் கொடுக்க ஓர் ஆலிமின் மனம் இடம் கொடுத்தது.

சென்னையிலிருந்து வந்த மறுப்பு

ராம்மோகன் ராய் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளிடம் வேலை பார்த்தார். ஜான் டிக்பி என்ற துரையின் கீழ் ரங்கபூரில் பல ஆண்டுகள் இருந்தார். ஆங்கிலத்தை அவர் நன்றாகக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். 1814 வாக்கில் உத்தியோகத்தை விட்டுக் கல்கத்தாவில் குடியேறினார். 1815ல் ஆத்மீய சபை என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டி, வேத உபநிஷதங்களின் அடிப்படை ஏக தெய்வ வணக்கமே என்று எடுத்துரைத்தார். உபநிஷதங்களை வங்காளியிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்.

எதிர்ப்பு நம் சென்னையிலிருந்தும் கிளம்பியது. சென்னைக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து வந்த சங்கர சாஸ்திரி என்பவர், 1816 இறுதியில் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில் ராம்மோகன் ராயை மறுத்து எழுதினார். விக்கிரக வணக்கத்துக்கு நியாயம் கற்பித்தார். 1817ல் ராம்மோகன் ராய் அதற்குப் பதில் எழுதி வெளியிட்டார். 1819ல் சென்னையைச் சேர்ந்த சுப்பிரமணிய சாஸ்திரி என்ற பண்டிதர் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் அவரோடு நேரில் வாதம் செய்தார். ரயிலும் தந்தியும் இல்லாத அந்தக் காலத்தில் ஒரு கொள்கைக்காக கல்கத்தாவும் சென்னையும் வாதிட்டுக்கொண்டிருந்தன!

வெளியார் எதிர்ப்பைவிட வீட்டார் எதிர்ப்பு கடுமை. 1817ல் அவருடைய அண்ணன் மகன் கோவிந்த பிரசாத் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் சொத்து வழக்குத் தொடுத்தார். அதற்குப் பின்னால் தாயார் தாரிணி தேவியின் மனத்தாங்கல் இருந்தது என்பது ராம்மோகன் ராய் தரப்பின் கூற்று. இரண்டு ஆண்டுகள் நடந்து 1819ல் வழக்கு தள்ளுபடியாயிற்று. அந்தத் தாய் பிறகு பூரிக்குச் சென்று, ஜகந்நாதர் கோயிலில் அன்றாடம் பெருக்கித் துப்புரவு செய்தபடியே தம் இறுதி நாட்களைக் கழித்தார். புறப்படுமுன், மகன் சொல்வது சரிதான், ஆனால் வயதான காலத்தில் பழகிய ஆறுதலை விட முடியவில்லை என்று சொன்னதாகச் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். கொள்கை வேற்றுமை ஒரு குடும்பத்துக்குள் நுழைந்தால் எவ்வளவு வேதனை தரும் என்பதற்கு இது சாட்சி.

பாதிரிமாருடன் விவாதம்

கல்கத்தாவுக்கு அருகே செராம்பூர் இருக்கிறது. நம் தரங்கம்பாடியைப் போல் அந்த ஊரும் அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. அங்கே கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று பாப்டிஸ்ட் பாதிரிமார் அச்சுக்கூடம் அமைத்துப் பைபிளை இந்திய மொழிகளில் அச்சிட்டு வந்தார்கள். ராம்மோகன் ராய் விக்கிரக வணக்கத்தை எதிர்ப்பதைப் பார்த்து, விரைவில் நம் பக்கம் வந்துவிடுவார் என்று பாதிரிமார் எதிர்பார்த்தார்கள்.

1820ல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் இயேசு, அதாவது ஈஸா (அலை) அவர்களின் நல்லுபதேசங்களை மட்டும் தொகுத்த நூல் அது. அற்புதங்களும் கொள்கைச் சர்ச்சைக்குரிய பகுதிகளும் அதில் இடம்பெறவில்லை. அச்சிட்டதோ கல்கத்தாவிலிருந்த பாப்டிஸ்ட் மிஷன் அச்சுக்கூடம்.

பாதிரிமார் மகிழ்வார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. இயேசுவின் தெய்வத்தன்மையையும், மனிதரின் பாவத்துக்காக அவர் பலியானார் என்ற கொள்கையையும் விட்டுவிட்டு உபதேசத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பது கிறிஸ்தவத்துக்கே கேடு என்று மார்ஷ்மன் தம் பத்திரிகையில் கண்டித்தார். தொகுத்தவரை அஞ்ஞானி என்றும் குறிப்பிட்டார்கள். ஏக இறைவனை நம்பும் தம்மை அப்படிச் சொன்னது ராம்மோகன் ராயின் மனத்தைப் புண்படுத்தியது. அவர் கிறிஸ்தவ மக்களுக்கு ஒரு முறையீடு என்று பதில் நூல் எழுதினார். மார்ஷ்மன் மறுத்தார். 1821ல் இரண்டாம் முறையீடு வந்தது. இதற்காக அவர் ஹீப்ரு மொழியும் கிரேக்க மொழியும் கற்றார். பைபிளின் மூல வாசகங்களிலிருந்தே, இறைவன் ஒருவனே, இயேசு அவனால் அனுப்பப்பட்டவர், அவனுக்குக் கீழ்ப்பட்டவர் என்று எடுத்துக்காட்டினார்.

ஐரோப்பாவில் நடந்தவை

இந்த விவாதம் ஏன் இவ்வளவு சூடாயிற்று என்பது புரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளில் ஐரோப்பாவில் நடந்ததைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். திரித்துவத்தை மறுப்பது அங்கே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

ஸ்பெயின் நாட்டில் பிறந்த மிகயேல் செர்வெட்டஸ் என்ற மருத்துவர் 1531ல், இருபது வயதில், திரித்துவத்தில் உள்ள தவறுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முஸ்லிம்களும் யூதர்களும் கட்டாய மதமாற்றத்துக்கும் நாடு கடத்தலுக்கும் ஆளான தேசம் அது. குர்ஆனின் மொழிபெயர்ப்பையும் அவர் படித்திருந்தார். இருதயத்திலிருந்து நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றி வரும் பாதையை ஐரோப்பாவில் முதன்முதலில் அச்சில் எழுதியவரும் அவரே. அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இப்னு நஃபீஸ் (ரஹ்) அதை எழுதியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். 1553ல் செர்வெட்டஸ் ஜெனீவா நகரில் பிடிபட்டார். அங்கே செல்வாக்குப் பெற்றிருந்த கால்வின் அவர்மீது குற்றம் சாட்டினார். அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று அவரை உயிரோடு எரித்தார்கள். போப்பின் கொடுமையை எதிர்த்துப் பிரிந்து வந்த புராட்டஸ்டண்ட் மக்களே இதைச் செய்தார்கள் என்பதுதான் வேதனை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1612ல் பார்த்தலமியூ லெகேட், எட்வர்ட் வைட்மன் என்ற இருவரை எரித்தார்கள். வைட்மனோடு எரிப்பது நின்றது. துன்பம் நிற்கவில்லை. 1697ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவனை, திரித்துவத்தையும் வேதத்தையும் இகழ்ந்தான் என்று தூக்கிலிட்டார்கள். 1689ல் பிற சபைக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த சட்டம், திரித்துவத்தை மறுப்போருக்கு மட்டும் அதைத் தரவில்லை. பிராணவாயுவைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லி, யூனிட்டேரியன் எனப்படும் ஏகத்துவக் கிறிஸ்தவர்களின் போதகர். 1791ல் பர்மிங்ஹாம் நகரில் கலகக் கும்பல் அவருடைய வீட்டையும் நூல் நிலையத்தையும் ஆய்வுக்கூடத்தையும் அழித்தது. பிரெஞ்சுப் புரட்சியை அவர் ஆதரித்ததும் அதற்கு ஒரு காரணம். 1794ல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். திரித்துவத்தை மறுப்பது குற்றம் என்ற சட்டம் இங்கிலாந்தில் நீங்கியது 1813ல்தான். ராம்மோகன் ராயின் நூல் வெளிவருவதற்கு ஏழே ஆண்டுகள் முன்னால்!

எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். துருக்கி சுல்தானின் மேலாதிக்கத்தில் இருந்த டிரான்சில்வேனியா நாட்டில், 1568ல் தோர்தா நகரில் கூடிய சபை, ஒவ்வொரு போதகரும் தாம் விளங்கியபடி உபதேசிக்கலாம் என்று அனுமதித்தது. அந்நாட்டு அரசர் ஜான் சிகிஸ்மண்ட் தாமே ஏகத்துவக் கிறிஸ்தவரானார். அவருக்குப் பின் காலம் மாறி, அந்தக் கொள்கையின் தலைவர் பிரான்சிஸ் டேவிட் 1579ல் சிறையில் இறந்தார்.

ஆடம் பாதிரியார் கொடுத்த விலை

மீண்டும் கல்கத்தாவுக்கு வருவோம். வில்லியம் ஆடம் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1818ல் பாப்டிஸ்ட் மிஷனுக்காக வங்காளம் வந்தார். அவரும் யேட்ஸ் என்ற இன்னொரு பாதிரியாரும் சுவிசேஷங்களை வங்காளியில் மொழிபெயர்க்க ராம்மோகன் ராயின் உதவியை நாடினார்கள். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் ஓர் இடத்தில் மொழிபெயர்ப்பு நின்றுபோனது. அனைத்தும் அவரால் படைக்கப்பட்டன என்று எழுதுவதா, அவர் மூலமாகப் படைக்கப்பட்டன என்று எழுதுவதா? ஒரு சிறிய கிரேக்கச் சொல்லைப் பற்றிய கேள்வி அது. அவரால் என்றால் அவரே படைத்தவர் ஆகிவிடுவார். அவர் மூலமாக என்றால் படைத்தவன் வேறு, அவர் ஒரு கருவி. நம் மதரஸாக்களில் ஒரு ஹர்ஃபின் பொருளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவதைப் பார்த்து வெளியார் சிரிப்பதுண்டு. ஒரு ஹர்ஃபு மனிதனின் அகீதாவையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

யேட்ஸ் பின்வாங்கிவிட்டார். ஆடம் பின்வாங்கவில்லை. ராம்மோகன் ராயை கிறிஸ்தவராக்க வந்த பாதிரியார், 1821ல் தாமே திரித்துவத்தை விட்டு யூனிட்டேரியன் ஆனதாக அறிவித்தார். முதல் ஆதாம் சுவர்க்கத்திலிருந்து விழுந்தார், இவர் இரண்டாவதாக விழுந்த ஆதாம் என்று கல்கத்தா வெள்ளையர்கள் அவருடைய பெயரை வைத்தே கேலி செய்தார்கள். மிஷனோடு இருந்த உறவு முறிந்தது. அதோடு பிழைப்பும் போயிற்று. அவரை எரிக்க யாரும் முன்வரவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் மனைவி மக்களுடன் அந்நிய நாட்டில் சம்பளமில்லாமல் நிற்பது என்றால் என்ன என்று குடும்பஸ்தர்கள் அறிவார்கள்.

அந்த ஆண்டிலேயே கல்கத்தா யூனிட்டேரியன் கமிட்டி அமைந்தது. ராம்மோகன் ராய், ஆடம், துவாரகநாத தாகூர், ஆங்கிலேய வக்கீல்கள் சிலர் என்று அதில் சேர்ந்தார்கள். அதன் வழிபாட்டுக்கு ராம்மோகன் ராய் தவறாமல் செல்வார். ஆடம் பிற்காலத்தில் வங்காளத்துக் கிராமப் பள்ளிக்கூடங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். கல்வி வரலாறு எழுதுவோர் அவற்றை இன்றும் புரட்டுகிறார்கள்.

மூடிக்கொண்ட அச்சுக்கூடம்

ராம்மோகன் ராய் மூன்றாவது முறையீட்டை எழுதி முடித்தார். முன்னவற்றை அச்சிட்ட பாப்டிஸ்ட் மிஷன் அச்சுக்கூடம் இதை அச்சிட மறுத்துவிட்டது. வாதத்துக்கு வாதத்தால் பதில் சொல்லி வந்தவர்கள் இப்போது அச்சுக்கூடத்தின் கதவைச் சாத்தினார்கள். அவர் சளைக்கவில்லை. அச்செழுத்துக்களை விலைக்கு வாங்கினார். தர்மதலாவில் யூனிட்டேரியன் அச்சகம் என்று சொந்தமாக அமைத்தார். பெரும்பாலும் இந்தியத் தொழிலாளிகளைக் கொண்டே 1823ல் தம் இறுதி முறையீட்டை அச்சிட்டு வெளியிட்டார்.

பார்ஸி மொழியில் மிர்ஆத்துல் அக்பார் என்ற வாரப் பத்திரிகையையும் 1822 ஏப்ரலில் தொடங்கியிருந்தார். கல்கத்தாவின் முதல் பிஷப் மிடில்டன் அந்த ஆண்டு காலமானார். அந்தச் செய்தியை வெளியிட்டபோது திரித்துவத்தைப் பற்றி அந்தப் பத்திரிகை எழுதிய வாசகம் வெள்ளையர்களுக்குக் கசந்தது. பத்திரிகைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சர்க்காரின் உயர் அதிகாரி எழுதிய குறிப்பில் அதையும் ஆட்சேபணைக்குரியதாகச் சுட்டினார். 1823ல் லைசென்ஸ் இல்லாமல் பத்திரிகை நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. கோர்ட்டில் முறையிட்டும் பலிக்கவில்லை. மானத்தை அடகு வைத்து லைசென்ஸ் வாங்குவதைவிட நிறுத்திவிடுவதே மேல் என்று ராம்மோகன் ராய் அந்தப் பத்திரிகையை மூடிவிட்டார்.

அந்த பிஷப்பைப் பற்றி ஆடம் சொன்ன ஒரு செய்தியும் உண்டு. ராம்மோகன் ராய் கிறிஸ்தவத்தைத் தழுவிவிட்டதாக எண்ணி பிஷப் அவரைப் பாராட்டினாராம். அதனால் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் கிடைக்கக்கூடிய கௌரவத்தையும் எடுத்துச் சொன்னாராம். உண்மையைத் தேடுபவனுக்கு உலக ஆதாயத்தைக் காட்டியது ராம்மோகன் ராய்க்குப் பெரும் அவமதிப்பாகப் பட்டது. அதன்பின் பிஷப்பை அவர் சந்திக்கவேயில்லை.

புரசைவாக்கத்து ராபர்ட்ஸ்

இதெல்லாம் எங்கோ வங்காளத்தில் நடந்தது என்று எண்ண வேண்டாம். பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியே சென்னைக்குள் போகும் நம்மவர்களுக்குப் புரசைவாக்கம் தெரியாத இடமல்ல. அங்கே இதற்கு முன்பே ஒரு தமிழர் ஏகத்துவக் கிறிஸ்தவ சபை ஒன்றை நடத்தி வந்தார்.

வில்லியம் ராபர்ட்ஸ் என்பது அவருடைய பெயர். பிறப்பால் தமிழர், இந்துவாகப் பிறந்தவர். வெள்ளையரிடம் வேலைக்காரராக இருந்தவர். அப்படி இங்கிலாந்து சென்றபோது பிரீஸ்ட்லி, லிண்ட்சி ஆகிய ஏகத்துவப் போதகர்களின் நூல்கள் அவர் கையில் கிடைத்தன. அவற்றைப் படித்துத் திரித்துவத்தை விட்டார். சென்னை திரும்பி 1795ல் ஒரு சிறு சபையைக் கூட்டினார். 1813ல் புரசைவாக்கத்தில் அதற்கென ஒரு வழிபாட்டு இடம் எழுந்தது. தமிழிலேயே வழிபாடு. தமிழிலேயே பிரார்த்தனை நூல்கள். இங்கிலாந்தில் திரித்துவத்தை மறுப்போர்மீது இருந்த சட்டம் நீங்கியதும் அதே 1813ல்தான் என்பது கவனிக்கத்தக்கது. அவர் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்கள் 1818ல் அங்கே அச்சாயின.

ராம்மோகன் ராய் ஜமீன்தார், பல மொழி வல்லவர், பாதுஷாவின் தூதர். ராபர்ட்ஸ் ஓர் ஏழை வேலைக்காரர். இருவரும் வந்து சேர்ந்த கேள்வி ஒன்றே.

பிரம்ம சபையும் கடைசிப் பயணமும்

1828 ஆகஸ்ட் 20 அன்று ராம்மோகன் ராய் கல்கத்தாவில் பிரம்ம சபையைத் தொடங்கினார். அதற்கென ஒரு கட்டடம் வாங்கி 1830 ஜனவரியில் டிரஸ்ட் பத்திரம் எழுதினார். எந்தச் சாதியாரும் எந்த மதத்தாரும் அங்கே வந்து ஏக இறைவனை வணங்கலாம். சிலையோ படமோ உள்ளே கூடாது. உயிர்ப்பலி கூடாது. பிறர் எதை வணங்கினாலும் அதை இழிவாகப் பேசுவதும் அங்கே கூடாது. தம்மை அஞ்ஞானி என்று திட்டியவர்களைக் கண்டவர், தம் சபையில் யாரும் எவரையும் திட்டாதபடி சட்டபூர்வமாக எழுதி வைத்தார்.

1829 டிசம்பர் 4 அன்று பெண்டிங்க் துரை உடன்கட்டையைத் தடைசெய்தார். அதை எதிர்த்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போனது. அங்கே சட்டத்தை ஆதரிக்கவும், டில்லி பாதுஷாவின் மானியத்துக்காக வாதாடவும் 1830 நவம்பரில் ராம்மோகன் ராய் கப்பலேறினார். பிராமணர் கடல் தாண்டக் கூடாது என்ற ஆசாரம் இருந்த காலம் அது. 1831 ஏப்ரலில் லிவர்பூல் சேர்ந்தார். அடுத்த மாதமே லண்டன் யூனிட்டேரியன்கள் தங்கள் ஆண்டுக் கூட்டத்தில் அவருக்கு வரவேற்பளித்தார்கள். 1832ல் உடன்கட்டை அப்பீல் தள்ளுபடியாயிற்று.

1833ல் யூனிட்டேரியன் போதகர் லாண்ட் கார்ப்பெண்டரின் அழைப்பை ஏற்றுப் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஸ்டேப்பிள்டன் தோப்பு என்ற இல்லத்தில் தங்கினார். அங்கே மூளைக் காய்ச்சல் கண்டு செப்டம்பர் 27 அன்று காலமானார். எந்த மதச் சடங்கும் இல்லாமல் மௌனமாக அந்த வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1843ல் துவாரகநாத தாகூரின் முயற்சியால் ஆர்னோஸ் வேல் மயானத்துக்கு உடல் மாற்றப்பட்டது. இந்திய பாணியில் ஒரு மண்டபம் அங்கே இன்றும் நிற்கிறது.

நமக்குள்ள படிப்பினை

இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, அவர்கள் வேதக்காரர்களே நம் கொள்கைக்கு வந்தார்கள் என்று பெருமைப்பட்டுக் கொண்டு புத்தகத்தை மூடிவிடுவது சுலபம். அதோடு நின்றுவிட்டால் நாம் படித்ததில் பயனில்லை.

வேதக்காரர்கள் எல்லோரும் ஒரே தரத்தவர் அல்லர் என்று குர்ஆன் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. செர்வெட்டஸையும் ஆடமையும் ராபர்ட்ஸையும் நினைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். கிறிஸ்தவ அண்டை வீட்டாரைப் பற்றி நாக்கில் வந்ததைப் பேசுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். மார்க்கத்தில் யாரையும் வற்புறுத்துவதற்கும், பிறர் வணங்குபவற்றை ஏசுவதற்கும் நமக்கு அனுமதியில்லை. ராம்மோகன் ராய் டிரஸ்ட் பத்திரத்தில் எழுதி வைத்த கட்டுப்பாடு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மீது விதியாகிவிட்டது. நடைமுறையில் நாம் அதைப் பேணுகிறோமா என்பதே கேள்வி.

கொள்கைக்காகக் கொடுமை செய்தவர்கள் ஐரோப்பியர்கள் மட்டும்தான் என்று சொல்லவும் நமக்கு நாவெழாது. ஹிஜ்ரி 218ல், அதாவது கி.பி. 833ல், கலீஃபா மஃமூன் குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஆலிம்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டார். மறுத்த இமாம் அஹ்மது பின் ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறையில் கிடந்தார்கள். அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் சவுக்கடி பட்டார்கள். அடித்த கை முஸ்லிமின் கைதான். சவுக்கால் எழுதிய கொள்கை நிலைக்கவில்லை. அடிபட்ட இமாமின் பெயரை உலகம் இன்றும் துஆவோடு சொல்கிறது.

இதை அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள நம் வீடுகளுக்கு எடுத்து வருவோம். கல்லூரிக்குப் போகும் மகன் ஒரு மார்க்கச் சந்தேகத்தை உணவு வேளையில் கேட்கிறான். மகள் ஓர் ஆயத்தின் பொருளைக் கேட்கிறாள். உடனே வாயை மூடு, ஈமான் போய்விடும் என்று அதட்டும் தகப்பன், பாப்டிஸ்ட் அச்சுக்கூடத்தின் கதவைச் சாத்தியவருக்கு என்ன மாறுபாடு? சாத்திய கதவு ராம்மோகன் ராயைத் தடுக்கவில்லை. அவர் வேறு அச்சுக்கூடம் கண்டுகொண்டார். நம் பிள்ளைகளும் வேறு இடம் கண்டுகொள்வார்கள். அந்த இடம் எதுவாக இருக்கும் என்பது நம் கையில் இல்லை.

ஆகவே கேட்கும் பிள்ளைக்குத் தெரிந்ததைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டு பள்ளிவாசல் இமாமிடமோ விவரம் அறிந்த ஆலிமிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். ஆலிமாகிய நாமும் கேள்வியைக் கண்டு முகம் சுளிக்கக் கூடாது. தௌஹீத் என்பது கேள்விக்கு அஞ்சும் கொள்கை அல்ல. பாட்னாவில் ஓதிய பிராமணச் சிறுவனையும், இங்கிலாந்துக்குப் போன தமிழ் வேலைக்காரரையும், வங்காளத்துக்கு வந்த பாதிரியாரையும் தன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த உண்மை அது.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஈமானில் உறுதியாக்கி, பிறரோடு வாதிடும்போது அழகிய முறையில் வாதிடும் பண்பையும், நம் பிள்ளைகளின் கேள்விக்குப் பொறுமையோடு பதில் சொல்லும் அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.